பெரிய படத்துக்குத்தான் ஓட்டு விழுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆர்ட்பிரைஸ் பற்றித்தான். தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊர் முழுக்க நடக்கும் கலைக் கண்காட்சி அது. பார்க்க வருகிறவர்கள் ஓட்டுப் போட்டு ஒரு பரிசு, நடுவர்கள் பார்த்து ஒரு பரிசு. நானும் ஒருமுறை அங்கே படம் வைத்தவள். அதனால் இந்த இதழில் அது சம்பந்தமான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருப்புப் பருத்தித் துணியில் வெள்ளை நூலால் சிக்குக் கோலங்களைச் சங்கிலித் தையல் போட்டு, இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துண்டுகள் செய்திருக்கிறேன். எல்லாம் எங்கள் பாட்டி மார்கழியில் வாசலில் போட்ட கோலங்கள். ஆர்ட்பிரைஸுக்குப் பதிவு செய்தேன், ஒரு காபிக் கடை என் வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வீட்டில் சொன்னால், "மியூசியம் எடுத்திருந்தால் சரி, காபிக் கடைதானே, இதெல்லாம் ஒரு செலக்‌ஷனா?" என்கிறார் என் கணவர். நான் சந்தோஷப்படலாமா, கூடாதா?
— ஒரு வாசகி, டிராய், மிச்சிகன்

பதில்: முதலில் வாழ்த்துகள் சகோதரி. தாராளமாகச் சந்தோஷப்படுங்கள், அப்புறம் இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அவர் நினைப்பதுபோல மேலே ஒரு குழு உட்கார்ந்து நல்லதை மியூசியத்துக்கும் மிச்சத்தைக் கடைகளுக்கும் பிரித்துக் கொடுப்பதில்லை. 2009-ல் ரிக் டெவோஸ் இதைத் தொடங்கியபோதே, பொதுவான தேர்வுக் குழு என்று ஒன்று இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். கலைஞர்கள் ஒருபக்கம் பதிவு செய்வார்கள், இடம் தருகிறவர்கள் இன்னொரு பக்கம் பதிவு செய்வார்கள். மியூசியம், வங்கி, தேவாலயம், ஹோட்டல், முடிதிருத்தும் கடை என்று யார் வேண்டுமானாலும் இடம் தரலாம். பெண் பார்ப்பது மாதிரி இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி ஒத்துப்போனால்தான் படம் சுவரில் ஏறும். முதல் ஆண்டிலேயே 159 இடங்களில் 1,262 படைப்புகள் வைக்கப்பட்டன. பதிவு செய்தும் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

ஒரு காபிக் கடையில் எத்தனை சுவர் இருக்கும்? இரண்டு, மிஞ்சினால் மூன்று. அந்த ஊரில் கூட்டம் அதிகமாக வரும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் தன் கடைச் சுவரில் என்ன தொங்கவேண்டும் என்று அந்தக் கடைக்காரர் யோசித்து, பல பேருடைய வேலைகளைப் பார்த்து, உங்கள் பாட்டியின் கோலத்தை எடுத்திருக்கிறார். கோலம் என்றால் என்ன என்று முன்பின் தெரியாதவர் எடுத்திருக்கிறார் என்றால், அவருடைய கண்ணை அந்த இழை பிடித்து நிறுத்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம்!

சரி, இனிமேல் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இங்கேதான் நான் சறுக்கினேன், நீங்கள் சறுக்கக் கூடாது.

எந்தச் சுவர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கடையின் முன்பக்கச் சுவர் என்று வாயால் சொன்னார்கள், நானும் நம்பிப் போனேன். போய்ப் பார்த்தால் அந்தச் சுவரில் வேறு ஒருவருடைய சிற்பம், என் படத்துக்குச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து நடை. தட்டு எடுத்துப் போகிறவர்கள் இடித்துவிடுவார்களோ என்று அந்த வாரங்கள் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. விளக்கு போட்டுத் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை, கடைசியில் நானே கடைக்குப் போய் இரண்டு கிளிப் விளக்கு வாங்கி மாட்டினேன். ஆகவே சுவர், விளக்கு, மாட்டுகிற ஆள், திறந்திருக்கும் நேரம், ஏதாவது சேதமானால் யார் பொறுப்பு, இந்த ஐந்தையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் பெண்கள் கூச்சப்படுவோம், அந்தக் கூச்சம் வேண்டாம். நான் பதிவு செய்த ஆண்டில் பதிவுக் கட்டணம் 50 டாலர்தான். கொண்டுபோகிற செலவும் மாட்டுகிற செலவும்தான் கையைக் கடிக்கும், அதற்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

துணி என்பதால் இன்னும் கொஞ்சம். ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள், ஓரம் இழுபட்டு அலை அலையாகிவிடும். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் மேல் விளிம்பில் திரைச்சீலைக்குத் தைப்பதுபோல ஒரு நாடாப் பை தைத்து, அதற்குள் தட்டையான மரச்சட்டத்தை நுழைத்து, சட்டத்தின் இரண்டு முனையிலும் மாட்டுங்கள், எடை சமமாக இறங்கும். ஜன்னல் வெயில் நேராக விழும் சுவர் என்றால் மறுத்துவிடுங்கள், கருப்புத் துணி வெளுத்துப்போகும். காபி இயந்திரத்தின் நீராவி படுகிற பக்கமும் வேண்டாம். மியூசியங்களில் பொதுவாகப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் வருகிறமாதிரி மாட்டுவார்கள், நிற்கிறவரின் கண் அங்கேதான் போகும் என்பதால். ஆனால் கடையில் மேசை நாற்காலி இருக்கும், உட்கார்ந்திருப்பவர் தலை கீழ் வரிசையை மறைக்கும். எனவே பன்னிரண்டையும் மூன்று வரிசையாக அடுக்குவதைவிட ஆறு ஆறாக இரண்டு வரிசை, கொஞ்சம் உயரத் தூக்கி மாட்டுவது நல்லது என்று எனக்குப் படுகிறது. சுவரின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பரிசு வாங்கிய படங்களின் பட்டியலைப் பார்த்தேன், எல்லாம் சுவர் அளவுக்கு இருக்கின்றன. சின்னதாகச் செய்கிறவர்களுக்கு ஓட்டே விழாதா? நான் பனையோலையில் உள்ளங்கை அளவு உருவங்கள் செய்கிறவன்.
— ஒரு வாசகர், சிகாகோ

பதில்: நீங்கள் பார்த்தது உண்மைதான், மறுக்கமுடியாது. 2009-ல் முதல் பரிசு 2,50,000 டாலரை வாங்கிய ரான் ஆர்ட்னரின் கடல் ஓவியம் ஏறக்குறைய 19 அடி நீளம். கரை இல்லை, படகு இல்லை, வெறும் அலை. மறு ஆண்டு வென்ற கிறிஸ் லபோர்ட், பழைய புகைப்படம் ஒன்றில் இருந்த குதிரைப்படை அதிகாரிகளைப் பென்சிலால் 28 அடி நீளத்துக்கு வரைந்தார். 2013-ல் ஆன் லவ்லெஸ் தைத்த துணிச் சித்திரம், மிச்சிகன் ஏரிக்கரையின் மணல்மேடு, 20 அடி. (மேலே கேட்ட டிராய் சகோதரி கவனிக்க: அது நூலும் ஊசியும் வாங்கிய பரிசு.)

ஏன் இப்படி என்று அங்கே நின்று பார்த்தால் புரியும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகள், மூன்று சதுர மைல் பரப்பு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் வருகிற குடும்பம். அவர்களால் முப்பது நாற்பது இடம் பார்க்கமுடிந்தால் பெரிசு. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிவதற்கு முதலில் போவார்கள், அது மனித சுபாவம். அதோடு, 28 அடியைப் பென்சிலால் நிரப்பியவனுடைய உழைப்பு பார்த்த நிமிஷத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. உழைப்பை மதித்து ஓட்டுப் போடுகிறார்கள், அதை நான் குறையாக நினைக்கவில்லை.

ஆனால் 2014-ஐப் பாருங்கள். லாகூரில் பிறந்து இண்டியானாபொலிஸில் இருந்த அனிலா கய்யூம் ஆகா, மரப் பலகையில் லேசரால் பூவேலை வெட்டி ஆறரை அடிக் கனசதுரப் பெட்டி ஒன்று செய்து, கிராண்ட் ராப்பிட்ஸ் கலை மியூசியத்தின் ஓர் அறையில் தொங்கவிட்டார். உள்ளே ஒரே ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் பூவேலையின் நிழல் நான்கு சுவரிலும் தரையிலும் கூரையிலும் விழுந்தது, உள்ளே வந்து நின்றவர்கள் மேலும் விழுந்தது. ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்தபோது பிறந்த யோசனை; சின்ன வயதில் லாகூரில் மசூதிகளுக்குள் பெண்களுக்கு இடம் இல்லாமல் போனதும் அதில் இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொருள் ஆறரை அடிதான், ஆனால் அந்த அறை முழுக்க அவருடைய படைப்பு. மக்கள் ஓட்டிலும் அது முதல், நடுவர் தீர்ப்பிலும் முதல் பரிசைச் சோன்யா கிளார்க் என்ற இன்னொரு கலைஞருடன் பகிர்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து 3,00,000 டாலர்.

உங்கள் பனையோலைக்கு வருகிறேன். உள்ளங்கை அளவை நான்கடியாக்க முயலாதீர்கள். ஓலையின் விறைப்பும் மடிப்பும் அந்தச் சின்ன அளவில்தான் உயிரோடு இருக்கும், பெரிதாக்கினால் உள்ளே கம்பி கொடுக்கவேண்டிவரும், அப்புறம் அது ஓலை வேலையே இல்லை. ஒன்றுக்குப் பதில் முந்நூறு செய்யுங்கள். ஒரு சின்ன அறையோ மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலையோ தரக்கூடிய இடமாகத் தேடுங்கள், கலைஞர்களும் இடங்களைத் தேடிப் பிடிக்கலாம் என்று மேலே சொன்னேனே. முந்நூறு பறவையோ முந்நூறு மனிதர்களோ மெல்லிய நூலில் தொங்க, ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ராத்திரி உங்கள் வீட்டிலேயே பத்துப் பதினைந்தை மாட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கேள்வி: மக்கள் ஓட்டுப் போட்டுக் கலைக்குப் பரிசு கொடுப்பது கலையைக் கேவலப்படுத்துவது ஆகாதா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது.
— ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: சண்டை நடக்கட்டும் தம்பி, அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. முதல் மூன்று ஆண்டுகள் பெரிய பரிசு முழுக்க மக்கள் ஓட்டுத்தான். ஜனரஞ்சகமானதே ஜெயிக்கிறது என்ற புகார் வலுத்ததும், 2012-ல் நடுவர்களுக்கென்று 1,00,000 டாலர் பெரும் பரிசு வந்தது, அந்த ஆண்டு மக்கள் பரிசு 2,00,000. 2014-ல் இரண்டையும் சமமாக 2,00,000 ஆக்கிவிட்டார்கள். சமமாக்கியது மிகச் சரியான முடிவு என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு பரிசுகளும் எதை எதைத் தேடுகின்றன என்பதற்கு 2017 நல்ல உதாரணம். மக்கள் தேர்ந்தெடுத்தது ரிச்சர்ட் ஷ்லாட்டர் செய்த ஆபிரகாம் லிங்கன் முகம். 24,000-க்கு மேற்பட்ட ஒரு சென்ட் காசுகளை ஒட்டிச் செய்தது, ஒவ்வொரு காசிலும் அதே லிங்கன் முகம் இருக்கிறது. நடுவர்கள் தேர்ந்தெடுத்ததோ சைட்டு ஜோன்ஸ் நடத்திய ஒரு சாப்பாடு. ஆமாம், சாப்பாடுதான். ஹார்ட்சைட் என்ற, வறுமை அதிகமுள்ள பகுதியின் பூங்காவில் நீளமாக மேசை போட்டு, ஊரில் ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடவைத்தார், அதுதான் படைப்பு. லிங்கனை ஒரு பார்வையில் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கம் கேட்டு யோசிக்கவேண்டும், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும் அது முழுசாகக் கிடைத்தது. நடுவர்களுக்கு யோசிக்க நேரமும் பழக்கமும் இருக்கிறது, தள்ளுவண்டிக் குடும்பத்துக்கு இல்லை. அதற்காக அந்தக் குடும்பத்துக்கு ரசனை இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே ஊரில் நகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் அலெக்சாண்டர் கால்டர் செய்த 43 அடி உயரச் சிவப்பு எஃகுச் சிற்பம் ஒன்று 1969 முதல் நிற்கிறது. அரசின் தேசியக் கலை நிதியத்திலிருந்து பணம் பெற்று நிறுவப்பட்ட முதல் பொதுச் சிற்பம் அது. வந்த புதிதில் ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை, இது என்ன கோணல்மாணல் இரும்பு என்றார்கள். அப்போது ஓட்டு நடத்தியிருந்தால் தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். இன்று அந்தச் சிற்பத்தின் வடிவம்தான் அந்த ஊரின் சின்னம், நகராட்சியின் குப்பை லாரியில்கூட அதைப் பார்க்கலாம். தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து அந்த ஜனங்களே அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆகையால் மக்கள் ஓட்டில் எனக்குள்ள குறை ஒன்றே ஒன்றுதான், அவகாசம் போதாது. இரண்டு மூன்று வாரத்தில் முடிவு சொல்லச் சொன்னால் இரண்டு மூன்று வாரத்தில் புரிகிறதற்குத்தான் ஓட்டு விழும். உங்கள் வகுப்பில் அடுத்த சண்டையை இங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அறுநூறு பேர் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் கலந்துகொள்கிறார். எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டால் என்ன தப்பு? சென்னையில் உள்ள சொந்தங்களையும் போடச் சொல்லலாமா?
— சங்க உறுப்பினர், டெட்ராய்ட் புறநகர்

பதில்: சென்னைக்காரர்கள் போடமுடியாது ஐயா. ஓட்டுப் போட ஆள் அந்த ஊருக்கு நேரில் வரவேண்டும் என்பது ஆரம்பத்திலேயே வைத்த விதி. செல்பேசிச் செயலி வந்தபிறகும், ஆள் கண்காட்சி எல்லைக்குள் நிற்கிறாரா என்று பார்த்துத்தான் ஓட்டைத் திறந்தார்கள். ஊர் நிறையவேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம், அது நியாயமும்கூட.

அறுநூறு பேரும் வண்டி கட்டிக்கொண்டு போவதில் தப்பே இல்லை, அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு தெம்பாக இருக்கும்! ஆனால் நேராக அவர் படத்துக்கு முன்னால் போய் நின்று ஓட்டை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். மற்றவர்கள் வைத்திருப்பதையும் பாருங்கள், பிடித்த இன்னும் நாலு பேருக்கும் போடுங்கள். முதல் சுற்றில் ஒருவர் பல படைப்புகளுக்கு ஓட்டுப் போட இடமுண்டு. படம் வைத்தவர்கள் ஒருவர் கூட்டத்தை இன்னொருவர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். "அவளுடைய ஆட்கள் வந்தார்கள், என் வேலையையும் நின்று பார்த்தார்கள்" என்று பக்கத்துச் சுவர்க்காரர் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அது பெருமை.

கேள்வி: நான் வைத்த ஓவியம் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. விடுமுறை எடுத்து, கடன் அட்டையில் செலவு செய்து, கடைசியில் என்ன மிச்சம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?
— பெயர் வேண்டாம், ஒஹாயோ

பதில்: முதல் இரண்டு நாள் அழுகைதான். அதை மறைக்க வேண்டியதில்லை, நீங்களும் அழுதுவிடுங்கள்.

என் படம் மதுரைப் புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களைப் பற்றியது. சமையலறை நடையில் மாட்டியிருந்தாலும் சனி ஞாயிறு முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது ஞாயிறு ஒரு பெரியவர் வந்தார். கிராண்ட் ராப்பிட்ஸ் ஒரு காலத்தில் மரச்சாமான்களுக்குப் பேர்போன ஊர், அவர் அந்தத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் படத்தைப் பார்க்கவே இல்லை, சட்டத்தின் மூலை இணைப்பைத் தடவிப் பார்த்து இதை யார் செய்தது என்று கேட்டார். அப்புறம்தான் படத்துக்கு வந்தார். வந்தவர் கால்மணி நேரம் நகரவில்லை. கடைசியில் மூன்றாவது தையல்காரரைக் காட்டி, "இந்தக் காலை இப்படி வைத்தால் மிதி இயங்காது, குதிகால் கீழே இருக்கவேண்டும், என் அம்மா வீட்டில் அதே மாதிரி இயந்திரம் இருந்தது" என்று தன் நண்பரிடம் சொல்கிற மாதிரி என் பக்கம் திரும்பிச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள், நம் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

படம் திரும்பி வந்ததும் அந்தக் காலை அழித்து மறுபடி வரைந்தேன், அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. இப்போது அது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, விற்கவில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றவர் யார், அவர் என்ன சொன்னார்? அதை மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடன் அட்டையை முதலில் அடைத்துவிடுங்கள், அது முடியும்வரை அடுத்த பதிவு வேண்டாம்.

கேள்வி: கலந்துகொள்ளப் போவதில்லை, சும்மா பார்க்க வேண்டும். எப்போது போகலாம்? ஒரு நாள் போதுமா?
— ஒரு குடும்பத்தலைவி, டெட்ராய்ட்

பதில்: செப்டம்பரில் தொடங்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம். உங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். ஒரு நாளில் எல்லாம் பார்க்கமுடியாது, முயலவும் வேண்டாம். வார நாளில் போனால் நெரிசல் இல்லாமல் கலை மியூசியத்தைக் காலையில் முடித்துவிடலாம். மத்தியானம் நடந்தே ஆற்றங்கரைக்கு வந்து, பழைய ரயில் பாலமாக இருந்த நீலப் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போங்கள், அங்கே ஜெரால்டு ஃபோர்டு மியூசியத்தைச் சுற்றியும் படைப்புகள் வைப்பார்கள். முதல் ஆண்டில் அந்த ஆற்றுக்குள்ளேயே நீளக் கழுத்து நீர்ப்பூதம் ஒன்றை மிதப்பதுபோல நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல செருப்பு போட்டுவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் டிராய் சகோதரியின் கோலம் தொங்கும் காபிக் கடை கண்ணில் பட்டால் உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு, நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.